ஒற்றைக் கம்பியும் ஏழு இழையும்

கொழும்பில் வீடு கட்டும் இடத்துக்குப் போனால், வயர் இழுக்கும் நாளில் இரண்டு வகைச் சுருள்கள் தரையில் கிடப்பதைக் காணலாம். ஒன்று 1/1.13, மற்றது 7/0.67. மின்வேலை செய்பவர் கடையில் இந்த இலக்கத்தைச் சொல்லித்தான் வாங்குகிறார். கோட்டுக்கு முன்னால் நிற்பது இழைகளின் எண்ணிக்கை. பின்னால் நிற்பது ஓர் இழையின் விட்டம், மில்லிமீற்றரில். முதல் வயர் ஒரு சதுர மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி, மின்குமிழுக்குப் போகும். அடுத்தது ஏழு இழைகளை முறுக்கிய இரண்டரைச் சதுர மில்லிமீற்றர், பிளக்குக்குப் போகும். மேசையில் முதன்முதலாக ஒரு சின்ன ரேடியோ செய்ய உட்காரும் பிள்ளைக்கும் இதே சந்தேகம் வரும்: ஒற்றைக் கம்பியா, பல இழையா? அந்தச் சந்தேகம் இந்தத் தீவுக்குத் தந்தி வந்த காலத்துக்குரியது.

கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தித் தொடர்பு ஏற்பட்டது 1858இல். தரைவழித் தந்திக்கு அந்நாளில் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டியது ஒற்றை இரும்புக் கம்பியைத்தான். ஒருமுறை கட்டிவிட்டால் அது கிடந்த இடத்தில் கிடக்கும். வளைய வேண்டிய தேவை இல்லை. அதே 1858இல் அத்திலாந்திக் கடலடியில் போட்ட கேபிளின் கதை வேறு. கப்பலின் வயிற்றில் சுருட்டி வைத்து, உருளை மேல் வளைத்து, ஆடும் கப்பலிலிருந்து ஆழத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. அதனால் அதன் நடுவே ஏழு செப்பிழைகளை முறுக்கி, மேலே மலாயாப் பக்கத்து மரப்பாலான கட்டாபேர்ச்சாவைப் பூசினார்கள். ஓர் இழை எங்காவது அறுந்தாலும் மற்ற ஆறும் செய்தியைக் கொண்டுபோகும். அந்தக் கேபிள் மூன்று வாரமளவில் செத்துப்போனது, ஆனால் ஏழிழை முறுக்கு நிலைத்துவிட்டது.

ஏன் ஏழு? ஒரே அளவு நாணயங்கள் ஏழை மேசையில் வைத்துப் பார்த்தால் புரியும். நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு, இடுக்கில்லாமல் பொருந்தும். அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு வேண்டும், மொத்தம் 19. அதற்கடுத்த சுற்றோடு 37. தடித்த கேபிள்களின் இழைக் கணக்கு இன்றும் இந்த வரிசையிலேயே போகிறது.

இலங்கையில் பொழுதுபோக்காக மின்னணு வேலை செய்தவர்களின் கதை எட்வர்ட் ஹார்ப்பரோடு தொடங்குகிறது. தந்தித் திணைக்களத்துக்கு 1921இல் பொறியியலாளராக வந்த அவர், உள்ளூர் ஆர்வலர்களையும் ஆங்கிலேயர்களையும் சேர்த்து இலங்கை வயர்லெஸ் கழகத்தை அமைத்தார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு 1923இல் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடந்தது. ஒலிபரப்பானது கிராமபோன் இசை. 1925 டிசம்பர் 16ஆம் திகதி வெலிக்கடையிலிருந்து கொழும்பு வானொலி முறையாகப் பேசத் தொடங்கியது.

அந்தக் காலத்துப் படிக ரேடியோவுக்கு மின்சாரமே வேண்டாம். கூரைக்கு மேலே ஏரியல், உள்ளே ஒரு சுருள், கலீனாக் கல், காதில் ஹெட்போன், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறிய கருவிக்கே இரண்டு வகைக் கம்பியும் தேவைப்பட்டன. காற்றில் நாள் முழுக்க ஆடும் ஏரியலுக்கு விற்கப்பட்டது 7/22, அதாவது 22ஆம் கேஜில் ஏழு இழை. சுருளுக்கோ பருத்தி நூல் சுற்றிய ஒற்றைச் செப்புக் கம்பி. சுற்றியபின் அது இம்மியும் அசையக்கூடாது. அசைந்தால் நிலையமே நழுவிப்போகும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மத்திய அலைவரிசையில், ஒரு மெகாஹேர்ட்ஸ் அளவில், மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடும். தடித்த கம்பியின் நடுப்பகுதி வீணாகக் கிடக்கும். வெறும் ஏழிழையை முறுக்கினாலும் பயனில்லை. இழைகள் ஒன்றையொன்று தொட்டு ஒரே கம்பிபோல நடந்துகொள்ளும். தலைமுடிபோல் மெல்லிய இழை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எனாமல் பூசிப் பின்னிய லிட்ஸ் வயர் வந்தது இதற்காகத்தான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால், கறுப்பு பெரைட் தண்டில் பட்டுநூல் போர்த்தியபடி சுற்றியிருப்பது பெரும்பாலும் அதுதான்.

வீட்டு வயர்களின் இலக்கங்கள் பிரித்தானியக் கணக்கில் வந்தவை. 7/.029 என்றால் ஓர் இழை அங்குலத்தின் ஆயிரத்தில் இருபத்தொன்பது பங்கு. இலங்கையில் வயர் செய்யும் களனி கேபிள்ஸ் நிறுவனம் 1969இல் தொடங்கிய வேளையில் பிரித்தானியாவே மெற்றிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தில் 1/.044 போய் 1/1.13 வந்தது; 7/.029இன் இடத்தை 7/0.67 பிடித்தது. அந்த வயர்களோடு களனியின் பெயரும் தீவெங்கும் சுவர்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

மேசை வேலைக்கு ஒற்றைக் கம்பியை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தது பிரெட்போர்ட். பற்றாசு இல்லாமல் துளைக்குள் கம்பியைச் செருகிச் சுற்று அமைக்கும் இந்தப் பலகை 1970களில் பரவியது. அதன் துளைக்குள் இருக்கும் வில்போன்ற கவ்விக்கு ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி அளவாக இருக்கும். பல இழை வயரைச் செருகினால் நுனி பிரிந்து மடங்கும்; ஓர் இழை தப்பிப் பக்கத்துத் துளையைத் தொட்டாலே ஐசி சில்லு போய்விடலாம். தொலைபேசிக் கேபிளின் வெட்டுத்துண்டு கைக்குக் கிடைத்தால் ஆர்வலர்கள் மகிழ்வது இதனால்தான். உறையை உரித்தால் உள்ளே அரை மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பிகள், சோடி சோடியாக, நிறம் நிறமாக.

ஆனால் அதே கம்பியைப் பற்றரிப் பெட்டிக்கோ ஸ்பீக்கருக்கோ இழுத்தால் சில நாளில் முறியும், அதுவும் பற்றாசு வைத்த இடத்துக்குப் பக்கத்தில். செம்பு வளைய வளைய இறுகும், இறுகியபின் வெடிக்கும். ஒரே வளைவில் 0.6 மில்லிமீற்றர் கம்பியின் மேற்பரப்பு இழுபடுவதில் மூன்றிலொரு பங்குதான் 0.2 மில்லிமீற்றர் இழை இழுபடும். 7/0.2 வயர் பெட்டிக்கும் மூடிக்கும் இடையே ஓட ஏற்றது என்பதற்குக் காரணம் இதுவே. பல இழை அதிக மின்னோட்டம் தாங்கும் என்று சிலர் சொல்வதில் உண்மை இல்லை. நேர்மின்னோட்டத்துக்குச் செம்பின் பரப்பளவே கணக்கு. இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்: திருகாணி முனையத்துக்குள் போகும் பல இழை நுனிக்குப் பற்றாசு பூசுவது. ஈயமும் வெள்ளீயமும் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும். இறுக்கிய திருகு தளர்ந்து சூடாகும். அங்கே குழாய்போன்ற சிறு உலோக உறையை நுனியில் மாட்டி நசுக்குவதே சரி.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இன்று இரண்டு வகை வயரும் கிடைக்கும். அங்கே வாங்குபவர் பார்க்க வேண்டிய விடயம் இன்னொன்று: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான வயர். நெட்வேர்க் கேபிளிலும் ஸ்பீக்கர் வயரிலும் இது கலந்து வருகிறது. வெளியில் செம்புபோலவே இருக்கும். ஒரே தடிப்பில் மின்தடை கூட, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு வயரும் வெளியில் வெள்ளையாக இருக்கும் என்பதால், மேற்பூச்சைப் பார்த்து முடிவெடுக்காமல் குறுக்கே வெட்டிய முகத்தைப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு.