திருகோணமலையிலிருந்து சபாங்குக்கு

1942 மார்ச்சில் டச்சுக்காரர்களிடமிருந்து சுமத்ராவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, அதன் வடமுனைக்கு அப்பாலுள்ள வே தீவின் சபாங் துறைமுகத்தையும் தன்வசமாக்கி, மலாக்கா நீரிணையின் மேற்கு வாயிலைக் கண்காணிக்கும் அரணாக அதை மாற்றியது. அடுத்த மாதமே இலங்கையின் மீது போர் நேரடியாக வந்திறங்கியது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 9 அன்று திருகோணமலைத் துறைமுகமும் அதையொட்டிய சீனக்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாக, மட்டக்களப்புக்கு அருகே 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், அதாவது விமானங்கள் ஏறியிறங்கும் மேல்தளம் கொண்ட போர்க்கப்பல், மூழ்கடிக்கப்பட்டது.

இரண்டாண்டுகளில் நிலைமை தலைகீழானது. அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் தலைமையில் 1944 ஏப்ரல் 16 அன்று திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கடற்படையில் பிரிட்டனின் 'இல்லஸ்ட்ரியஸ்', அமெரிக்காவின் 'சரட்டோகா' ஆகிய விமானந்தாங்கிகளோடு பிரெஞ்சு, டச்சு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்களும் இருந்தன. அமெரிக்கப் படைகள் நியூகினியின் ஹொலாண்டியாவில் தரையிறங்கவிருந்ததால், ஜப்பானின் கவனத்தை மேற்கே இழுப்பதே இப்பயணத்தின் நோக்கம். இத்தகைய நடவடிக்கையைத் திசைதிருப்புத் தாக்குதல் என்பர்.

19ஆம் நாள் விடியலில் 46 குண்டுவீச்சு விமானங்களும், அவற்றுக்குக் காவலாக 37 சண்டை விமானங்களும் சபாங்கை நெருங்கியபோது, அவற்றை எதிர்கொள்ள ஒரு ஜப்பானிய விமானம்கூட வானில் இல்லை. பறக்கும்போது அஞ்சத்தக்கதாயிருக்கும் விமானம் தரையில் நிற்கையில் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதது என்பதால், சபாங் தளத்திலும் சுமத்ராக் கரையின் லோக்ஙா தளத்திலும் ஏறக்குறைய 24 விமானங்கள் நின்ற இடத்திலேயே அழிந்தன; துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளும் தீப்பற்றின. தாக்கியவர்கள் இழந்தது ஒரேயொரு விமானம். கடலில் விழுந்த அதன் விமானியை, கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கையிலேயே 'டாக்டிஷியன்' நீர்மூழ்கி நீர்மட்டத்துக்கு மேலே வந்து மீட்டது. அன்றைய நிகழ்வுகளில் இதைவிடத் துணிவான செயல் வேறில்லை.

ஆயினும் திசைதிருப்பும் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வது கடினம். ஏப்ரல் 22 அன்று ஹொலாண்டியாவில் தரையிறங்கியோர் வான்வழி எதிர்ப்பை அதிகம் சந்திக்காததற்குக் காரணம், அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அமெரிக்க வான்படை அங்கிருந்த தளங்களைத் தொடர்ந்து தாக்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்களைத் தரையிலேயே அழித்திருந்ததுதான். சபாங்கும் ஜப்பானின் கையைவிட்டு உடனே போய்விடவில்லை. ஜூலை 25 அன்று சோமர்வில்லின் கீழைக் கடற்படை மீண்டும் அங்கே சென்றபோது, விமானங்களோடு பெரும் போர்க்கப்பல்களின் பீரங்கிகளும் துறைமுகத்தைத் தாக்கின.