மையிடாத கண்ணின் அழகு



தோட்டத்தில் ஒரு திருமணம் நடக்கிறது. மணப்பெண்ணுக்குத் தலை வாரிப் பூச்சூட்டிய பிறகு, அனுபவப்பட்ட அம்மா ஒருவர் வந்து கண்ணுக்கு மை தீட்டுகிறார். "இப்போதுதான் முகம் களையாக இருக்கிறது" என்று சுற்றி நிற்பவர்கள் மகிழ்கிறார்கள். இது நமக்குப் பழக்கமான காட்சிதான். ஆனால் அதே அம்மா, நோயில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, "கண்ணிலே ஒளியே இல்லையே!" என்று கலங்குவதையும் நாம் கேட்டிருக்கிறோம். மை கண்ணைச் சுற்றி இடுவது. ஒளியோ கண்ணிலிருந்தே வருவது. மையை யார் வேண்டுமானாலும் இட்டுவிடலாம். ஒளியை இட முடியுமா?

இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை மனிதகுலம் கண்டறிய மிக நீண்ட காலம் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் சுருக்கமாகக் காணப்போகிறோம். அதில் நம் தோட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு.

கண்ணுக்கு வண்ணம் தீட்டும் பழக்கம் மிகப் பழைமையானது. பண்டைய எகிப்து நாட்டில் ஆண்களும் பெண்களும் கண்ணைச் சுற்றிக் கறுப்பும் பச்சையும் தீட்டிக்கொண்டார்கள். கறுப்பு, ஈயக் கல்லை அரைத்து எடுத்தது. பச்சை, செம்புக் கல்லிலிருந்து வந்தது. இறந்தோரின் கல்லறைகளில்கூட மைக்குப்பிகளை வைத்தார்கள். அந்தக் குப்பிகளில் எஞ்சியிருந்த மையைப் பிரெஞ்சு அறிவியலாளர்கள் ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அதில் இருந்த சில ஈய உப்புகள், மிகக் குறைந்த அளவில், கண்ணோய்க் கிருமிகளை எதிர்க்க உடலுக்கு உதவியிருக்கக்கூடும் என்பதே அது. எனினும் ஈயம் நஞ்சு. குறிப்பாக, வளரும் குழந்தையின் மூளைக்கு அது பெருங்கேடு. ஈயக் கல்லிலிருந்து செய்யப்படும் சுர்மா போன்ற மைகள் இன்றும் சில இடங்களில் விற்கப்படுகின்றன. ஆகவே, எதில் செய்தது என்று தெரியாத மையைக் குழந்தையின் கண்ணில் இடுவது ஆபத்து.

ஐரோப்பாவில் இன்னொரு விதமான மோகம் இருந்தது. இத்தாலி நாட்டுப் பெண்கள் ஒரு செடியின் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்கள். அதனால் கருவிழியின் நடுப்பகுதியான பாவை அகலமாக விரிந்து, கண் பெரிதாகத் தெரியும். அந்தச் செடிக்கே 'பெல்லடோனா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இத்தாலிய மொழியில் அழகிய பெண் என்பது அதன் பொருள். ஆனால் அந்த அழகிய பெண்ணால் எதிரே இருப்பதைச் சரியாகக் காண முடியாது! பார்வை மங்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும். அச்செடியோ கொடிய விஷச்செடி. பிறர் பார்ப்பதற்காகத் தன் பார்வையையே பணயம் வைத்த கதை இது.

அறிவியல் வளர்ந்த காலத்திலும் இந்தக் கதை ஓயவில்லை. 1933-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்பனையில் இருந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் கண்ணில் புண்பட்டுப் பார்வையை இழந்தார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. இத்தகைய பொருள்களைத் தடுக்க அப்போது அந்நாட்டில் சட்டமே இல்லை. 1938-ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்த பிறகுதான் அழகுப் பொருள்களும் அரசின் கண்காணிப்புக்குள் வந்தன.

ஒருபுறம் மனிதன் கண்ணுக்கு வெளியே அழகைத் தேடிக்கொண்டிருந்தான். மறுபுறம் இன்னொரு தேடலும் மெல்ல நடந்துகொண்டிருந்தது. மாலைக்கண் நோயை நாம் அறிவோம். பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டுத் தடுமாறும். வாசற்படி தெரியாமல் விழும். ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்றில், கண் நோய்க்கு மாட்டு ஈரல் மருந்தாகக் கூறப்பட்டிருக்கிறது. கிரேக்க மருத்துவர்களும் ஈரலையே சொன்னார்கள். ஜப்பானில் கண் வறண்டுபோன குழந்தைகளுக்கு மோரி என்ற மருத்துவர் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தியதை 1904-ஆம் ஆண்டில் எழுதினார். மருந்து தெரிந்திருந்தது, காரணம்தான் தெரியவில்லை.

காரணம் தெரியத் தொடங்கியது 1913-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் மெக்காலம் என்பவரும், மார்கரீட் டேவிஸ் என்ற பெண்மணியும் எலிகளை வளர்த்துச் சோதனை செய்தார்கள். உணவில் வெறும் பன்றிக் கொழுப்பைச் சேர்த்தபோது எலிகள் வளர்ச்சி குன்றின. வெண்ணெயோ முட்டைக் கருவோ சேர்த்தபோது மீண்டும் வளர்ந்தன. அதே காலத்தில் ஆஸ்பர்ன், மெண்டல் என்ற இருவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். வெண்ணெயில் மறைந்திருந்த அந்தப் பொருளுக்குப் பிறகு 'வைட்டமின் ஏ' என்று பெயர் வந்தது.

எலிக்கூண்டில் கண்ட உண்மை, மனிதக் குழந்தைகளிடம் மிகக் கொடுமையான முறையில் மெய்யாயிற்று. டென்மார்க் நாடு பாலுக்கும் வெண்ணெய்க்கும் பெயர் பெற்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் வெளிநாடுகளில் வெண்ணெய்க்கு நல்ல விலை கிடைத்தது. ஆகவே வெண்ணெய் கப்பலேறியது. உள்நாட்டு ஏழைகளின் வீட்டுக்குக் கொழுப்பு எடுத்த பாலும், தாவரக் கொழுப்பால் செய்த மார்ஜரினும் வந்தன. விளைவு என்ன? குழந்தைகளின் கண்கள் வறண்டன. சிலருக்குப் பார்வையே போயிற்று. குழந்தை மருத்துவர் பிளாக் என்பவர் இந்தக் குழந்தைகளைக் கவனித்து, அவர்களின் உணவையும் ஆராய்ந்து எழுதினார். போரின் கடைசிக் கட்டத்தில் கடல்வழி அடைபட்டு ஏற்றுமதி குறைந்தது. வெண்ணெய் உள்நாட்டு மக்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டில் அந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. வெண்ணெய் விளைந்த நாட்டிலேயே வெண்ணெய் கிடைக்காமல் பிள்ளைகள் கண்ணிழந்தார்கள் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். இதை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

வெண்ணெய்க்கு வசதியில்லாத ஏழை என்ன செய்வான்? அதற்கும் விடை கிடைத்தது. மஞ்சளாகவும் பச்சையாகவும் இருக்கும் காய்கீரைகளுக்கும் இந்தச் சத்து உண்டு என்பதை ஸ்டீன்பாக் என்ற அறிஞர் 1919-ஆம் ஆண்டில் கவனித்தார். கேரட் கிழங்கின் நிறத்துக்குக் காரணமான 'கரோட்டின்' என்ற பொருளை நம் உடலே வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் என்பதை இங்கிலாந்தின் தாமஸ் மூர் 1930-ஆம் ஆண்டில் எலிகளில் நிறுவினார். 1933-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வால்டு என்ற இளைஞர் கண்ணின் உட்திரையிலேயே வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டார். மங்கிய வெளிச்சத்தில் நாம் காண உதவும் நிறப்பொருள் அதைக்கொண்டே உருவாகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1967-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆக, கண்ணின் பளபளப்பு என்பது என்ன? கண்ணின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் மெல்லிய ஈரப்படலமே அது. அந்த ஈரத்தைக் கண்ணோடு ஒட்டி நிற்கச் செய்யும் வழுவழுப்பான பொருள் சுரக்க வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பிறகு வெண்விழி ஒளியிழந்து வறளும். அதன்மேல் சோப்பு நுரை போன்ற வெண்புள்ளி தோன்றும். முற்றினால் கருவிழியே புண்ணாகிக் கரைந்துவிடும். அதன்பின் எந்த மருந்தாலும் அந்தக் கண்ணை மீட்பது அரிது.

இந்தச் செய்தி நம் பகுதிக்கும் புதியதன்று. சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், 1939-ஆம் ஆண்டில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் துணிந்து ஓர் உரை நிகழ்த்தினார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டுச் சர்க்கரை சேர்த்த டின்பாலைக் கைக்குழந்தைக்குப் புகட்டும்படி விளம்பரம் செய்ததை அவர் கடுமையாகக் கண்டித்தார். கொழுப்பு எடுத்த டின்பாலில் கண்ணுக்கு வேண்டிய சத்து இல்லை. தேநீரில் டின்பால் கலப்பது வேறு. குழந்தைக்கு அதையே உணவாக்குவது வேறு. பிரசவமானவுடன் சுரக்கும் சீம்பாலில் வைட்டமின் ஏ மிகுதியாக இருக்கிறது. அதைப் பீய்ச்சி வெளியே கொட்டுவது, குழந்தையின் கண்ணொளியைக் கொட்டுவதற்குச் சமம்.

நமக்கு அக்கரையிலுள்ள இந்தோனேசியாவில் டாக்டர் ஆல்பிரட் சோமர் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். அச்சே மாநிலத்தில் சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1986-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சத்து வழங்கப்பட்ட ஊர்களில் குழந்தை இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது! கண்ணைக் காக்கும் பொருள் உயிரையும் காக்கிறது என்று உலகம் அன்று அறிந்துகொண்டது. ஒளி மங்கிய கண், உடல் முழுவதும் தளர்ந்திருப்பதைச் சொல்லும் எச்சரிக்கை மணி.

இனி, நம் தோட்டத்துக்கு வருவோம். 1848-ஆம் ஆண்டில் நான்கு செம்பனைக் கன்றுகள் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-ஆம் ஆண்டில். இடம், கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டம். அந்தப் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது அல்லவா? 1960-களுக்குப் பிறகு பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பால் வெட்டிய கைகள் குலை வெட்டக் கற்றுக்கொண்டன.

குலை வெட்டுவோரும், உதிரிப்பழம் பொறுக்குவோரும் அந்தப் பழத்தின் செம்மஞ்சள் நிறத்தை நன்கு அறிவார்கள். அந்த நிறம்தான் கரோட்டின்! ஆலையில் பிழிந்தெடுத்த ஒரு கிலோ செம்பனை எண்ணெயில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் வகைகள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அந்தச் சிவப்பு எண்ணெயிலேயே காலங்காலமாகச் சமைத்து வருகிறார்கள். ஆனால் சுத்திகரிப்பு ஆலையில் மண்கொண்டு நிறம் நீக்கி, 200 டிகிரிக்கும் மேல் சூடேற்றும்போது அந்தக் கரோட்டின் போய்விடுகிறது. கடையில் நாம் வாங்குவது வெளிர்மஞ்சள் எண்ணெய். கரோட்டினைப் பெரும்பாலும் காத்துச் சுத்திகரிக்கும் முறையை மலேசிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். சிவப்புச் சமையல் எண்ணெயும் விற்பனைக்கு வந்தது. இருந்தும் பெரும்பாலான வீடுகளில் புழங்குவது நிறம் நீக்கிய எண்ணெய்தான். டென்மார்க் நாட்டு வெண்ணெயின் கதை இப்போது நினைவுக்கு வருகிறதா?

அதற்காக ஆலை எண்ணெயை அப்படியே கொண்டுவந்து சமைக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. அது சமையலுக்கென்று சுத்தம் செய்யப்பட்டதன்று. வீட்டுக் கொல்லையே நமக்குப் போதும். முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, பசளை, பறங்கிக்காய், பழுத்த பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் கரோட்டின் உண்டு. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடல் அதை ஏற்கும். ஆகவே கீரையை வெறும் நீரில் வேகவைப்பதைவிடச் சிறிது எண்ணெயில் தாளித்து உண்பது நல்லது. கிழமைக்கு ஒரு முட்டையாவது பிள்ளைக்குக் கிடைக்கட்டும். வைட்டமின் மாத்திரைகளை மட்டும் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அளவு மீறினால், குறிப்பாகப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, கருவிலுள்ள குழந்தைக்கே கேடு.

பிள்ளை மாலையில் தடுமாறினாலோ, வெண்விழியில் நுரைப்புள்ளி தெரிந்தாலோ நாள் கடத்த வேண்டாம். கைமருந்து எதையும் கண்ணில் பிழியாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்வோம்.

மணப்பெண்ணுக்கு மையிடும் அந்த அம்மாவை நாம் தடுக்கப் போவதில்லை. விளக்கெண்ணெய்த் திரியில் பிடித்த வீட்டு மையை இமையோரத்தில் மெல்லிதாகத் தீட்டட்டும். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணழகு, இருபது ஆண்டுகளுக்கு முன் அவள் தாய் அவளுக்கு ஊட்டிய கீரைச்சோற்றில் தொடங்கியது. இன்று மாலை அடுப்பில் ஏறும் கீரைச்சட்டியும், நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு மைதான்.