பெரியாற்று நீர் நம்மை அடைந்த வழி

நம் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களில் பாயும் நீர், மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்று நீர். 1876-78 தாது வருடப் பஞ்சத்திற்குப் பின்னரே அரசு மனம் வைத்தது. 1887-இல் பென்னிகுயிக் துரையின் தலைமையில் வேலை தொடங்கிற்று.

அணைக்குச் சிமெண்டு இல்லை. கல்லும், சுண்ணாம்பும், சுட்ட செங்கல்லை இடித்த சுர்க்கியும், மணலுமே. பிற்காலத்தில் கான்கிரீட் சேர்த்து வலுப்படுத்தினர் என்றாலும், உள்ளே நிற்பது அந்தப் பழஞ்சாந்துதான்.

எனினும் நாம் வியப்பது அணையை அன்று. நீர் வரும் வழியை. மலையைக் குடைந்த, ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த சுரங்கத்தின் வழியே நீர் இப்பக்கம் இறங்குகிறது. அப்புறம் பேரணை வரை புதுக்கால்வாய் எதற்கு? வைரவனாறு, சுருளியாறு, வைகை என, இறைவன் முன்பே வெட்டி வைத்த ஆறுகளிலேயே அதை விட்டுவிட்டனர்! 10-10-1895 அன்று கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

வேலை நடந்த ஆண்டுகளில் காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது; மீண்டும் கட்டினர். மலைக்காய்ச்சலும் காலராவும் கூலியாட்கள் பலரைக் கொண்டுபோயின. துரைக்கு லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் எழுந்தது. அந்தக் கூலியாட்களைப் பற்றி நம் வீடுகளில் பேசுவோர் குறைவு.