உடைமையாளர் இல்லாத புதையல்: மூன்றாம் லூபனின் மூன்றாவது திரைப்படம்

1985 ஜூலை 13 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் வெளியான 'மூன்றாம் லூபன்: பாபிலோன் தங்கத்தின் புராணம்', அந்நாட்டின் மிக நீண்ட அசைவூட்டப் படவரிசைகளுள் ஒன்றில் மூன்றாவது திரைப்படமாகும். இவ்வரிசையைத் தொடர்ந்து பார்த்து வருவோர் தரவரிசைப்படுத்தும்போது இப்படம் அடிமட்டத்தை ஒட்டியே நிற்பது வழக்கம். அத்தீர்ப்பைப் பெரும்பாலும் மறுப்பதற்கில்லை. எனினும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள், அதாவது கதையில் வேற்றுக்கிரகப் பெண் ஒருத்தி வருவது, நாயகனின் மேற்சட்டை இளஞ்சிவப்பாக இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக முந்தைய படத்தின் இயக்குநர் ஹயாவோ மியாசாக்கி இதை இயக்காமற்போனது ஆகியவை, படத்தின் உண்மையான குறையைத் தொடுவதில்லை. அக்குறை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அப்படம் உருவான சூழலையும் அதற்கு முந்தைய எண்பது ஆண்டுக் கதை மரபையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

அம்மரபின் மூலவர் ஆர்சேன் லூபன் என்னும் கனவான் திருடன். பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங் 1905இல் ஒரு மாத இதழில் அறிமுகப்படுத்திய இப்பாத்திரம், செல்வர் வீடுகளில் நாகரிகமாக நுழைந்து, காவல்துறையைக் கேலிசெய்துவிட்டு வெளியேறுபவன். அவனுக்குப் பேரன் ஒருவனைக் கற்பித்து, 1967 ஆகஸ்டில் 'வாராந்திர மங்கா ஆக்‌ஷன்' என்ற புதிய இதழில் தொடராக வரையத் தொடங்கியவர் மங்கி பஞ்ச் என்ற புனைபெயர் கொண்ட கசுஹிகோ கட்டோ. ஹொக்கைடோத் தீவின் ஹமநக்காவில் 1937இல் பிறந்த இவர், அமெரிக்க 'மேட்' இதழின் நையாண்டி ஓவியங்களில் ஊறியவர். வளர்ந்தோருக்கான மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில், அந்தக் கோட்டுத் துள்ளலையும் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் காமமும் குரூரமும் கலந்த நகைச்சுவையையும் ஒன்றாக்கினார். லெப்லாங்கின் உரிமையாளர்களிடம் இதற்கு அனுமதி கேட்கப்படவில்லை. அதனால் இத்தொடர் மேலைநாடுகளுக்குச் சென்றபோது நாயகனின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. பிரான்சில் அவன் எட்கர் ஆனான். லெப்லாங்கே 1906இல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கேட்காமல் தம் கதைக்குள் இழுத்து வந்து, கோனன் டாயில் தரப்பின் எதிர்ப்புக்குப் பின் அப்பெயரின் எழுத்துகளைச் சற்றே இடம்மாற்றித் தப்பித்தவர் என்பதால், பாத்திரத் திருட்டும் இக்குடும்பச் சொத்தே எனக் கொள்ளலாம்.

பேரன் லூபனைச் சுற்றி நால்வர் உள்ளனர். குறிதவறாத துப்பாக்கிக்காரன் ஜிகென். 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் கொதிக்கும் கொப்பரையில் இடப்பட்டு இறந்ததாகச் சொல்லப்படும் கொள்ளையன் இஷிகாவா கொயெமோனின் வழித்தோன்றலான வாள்வீரன் கொயெமோன். எந்தப் பக்கம் பணமோ அந்தப் பக்கம் சாயும் புஜிக்கோ. உலகமெங்கும் துரத்தி வரும் இன்ஸ்பெக்டர் செனிகதா. இந்த ஐவருக்கும் வயதாவதில்லை, ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் கணக்கும் தீர்வதில்லை. வெவ்வேறு கைகள் எடுத்தாள இடம்தரும் இந்த நெகிழ்வே வரிசையின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். படத்துக்குப் படம் தரம் ஏறி இறங்குவதற்கும் அதுவே காரணம்.

தொலைக்காட்சியில் 1971 அக்டோபரில் தொடங்கிய முதல் தொடரை மசாக்கி ஓசுமி மங்காவின் கடுமை குன்றாமல் எடுத்தார். குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் ஞாயிறு மாலையில் அது எடுபடவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை சரியவே அவர் விலக்கப்பட்டு, பொறுப்பு இசாவோ தகஹாத்தா, ஹயாவோ மியாசாக்கி ஆகிய இளைஞர் இருவரிடம் வந்தது. அவர்கள் லூபனைக் கொஞ்சம் ஏழையாகவும் நிறைய இளகிய மனத்தவனாகவும் ஆக்கினார்கள். அப்படியும் 23 பகுதிகளோடு தொடர் நின்றது. ஆனால் மறு ஒளிபரப்புகள் அதற்குப் பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்க்க, 1977இல் தொடங்கிய இரண்டாம் தொடர் யூஜி ஓனோவின் ஜாஸ் இசையோடும் சிவப்பு மேற்சட்டையோடும் 155 பகுதிகள் ஓடியது.

அந்த வெற்றியின் மீது எழுந்தவை முதலிரு திரைப்படங்கள். சோஜி யோஷிகவா இயக்கி 1978 டிசம்பரில் வந்த முதற்படம், லூபன் தூக்கிலிடப்பட்ட செய்தியோடு தொடங்கி, இறந்தவன் அசலா நகலா என்ற ஐயத்தைக் கிளப்புகிறது. தன்னைத்தானே நகலெடுத்துப் பத்தாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மாமோ அதன் வில்லன். அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த 'காலியோஸ்த்ரோவின் கோட்டை' மியாசாக்கியின் முதல் முழுநீளப் படம். லெப்லாங் 1924இல் வெளியிட்ட நாவல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, சிறிய ஐரோப்பியச் சிற்றரசு ஒன்றில் நடக்கும் கள்ளநோட்டுத் தொழிலையும் சிறைவைக்கப்பட்ட இளவரசியையும் அது கதையாக்கியது. இன்று அது செவ்வியல் படைப்பாகப் போற்றப்படுகிறது. வெளியான காலத்தில் முதற்படம் ஈட்டிய அளவுக்கு அதனால் ஈட்ட முடியவில்லை என்பதும், தொலைக்காட்சி மறு ஒளிபரப்புகளே அதன் புகழைக் கட்டின என்பதும் பலரும் மறந்துவிட்ட செய்திகள். ஆகவே 1985இன் படத்தை அளக்க இன்று எடுக்கப்படும் அளவுகோல், அந்தப் படம் வந்தபோது இன்னும் முழுதாக வார்க்கப்படவில்லை.

அந்த இரண்டாம் படத்தின் ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்பது இங்கே பயன்படும். இளவரசி அடைபட்டிருக்கும் கோபுரத்துக்கு எதிரே, செங்குத்தான கூரையின் உச்சியில் இரவில் லூபன் ஏறி நிற்கிறான். கயிறு கட்டிய சிறு ராக்கெட்டைக் கோபுரத்தின் மீது செலுத்தி, அக்கயிற்றைப் பற்றிக் கடப்பது அவன் திட்டம். தீப்பற்ற வைக்கும் தருணத்தில் ராக்கெட் கைநழுவிக் கூரைச் சரிவில் உருள்கிறது. அதைப் பிடிக்க ஓடுபவன் சரிவின் வேகத்தில் நிற்க முடியாமல் போய், ஓட்டத்தையே பாய்ச்சலாக்கி, கூரை கூரையாகத் தாவி எதிர்க் கோபுரத்தில் ஒட்டிக்கொள்கிறான். சிரிப்பும் பதைப்பும் ஒரே கணத்தில் பிறப்பதற்குக் காரணம் எளிது: எங்கிருந்து எங்கே போக வேண்டும், குறுக்கே இருக்கும் ஆழம் எவ்வளவு, திட்டம் என்ன, அது எங்கே பிசகியது என்பவை அனைத்தும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. திட்டமிட்ட களவைச் சொல்லும் படங்களின் இலக்கணமும் இதுதான். கன்னம் வைக்க ஒரு சுவர் வேண்டும், சுவருக்குப் பின்னே பொருளைக் காக்கும் ஒருவன் வேண்டும், அவனை எப்படி ஏய்ப்பது என்ற கணக்கில் பார்ப்பவருக்கும் பங்கு வேண்டும்.

மூன்றாம் படத்தை இயக்க முதலில் மியாசாக்கியே அணுகப்பட்டார். அவர் மறுத்து, மாமொரு ஒஷீயின் பெயரைப் பரிந்துரைத்தார். 1984இல் 'உருசெய் யாட்சுரா' வரிசையின் இரண்டாம் படத்தில், ஒரே நாள் திரும்பத் திரும்ப நிகழும் கனவுலகைக் காட்டிப் பெயர்பெற்றிருந்த ஒஷீ, லூபனுக்கென வகுத்த கதை விசித்திரமானது. திருடத் தக்கது எதுவுமே உலகில் மிச்சமில்லை என்று சோர்ந்திருக்கும் லூபன், டோக்கியோவில் எழுப்பப்பட்ட ஒரு பெருங்கோபுரத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் தேவதையின் புதைபடிவத்தை, அதாவது கல்லாகிப்போன எலும்புக்கூட்டை, திருட முனைகிறான். இறுதியில் அப்படிவமும் பொய், லூபன் என்பவனும் இருந்ததில்லை என்ற இடத்துக்குக் கதை வருகிறது. தயாரிப்புத் தரப்புக்கு இது புரியவில்லை, ஒஷீ நீக்கப்பட்டார். அந்தப் புதைபடிவம் அதே 1985இல் வந்த அவருடைய 'தேவதையின் முட்டை'யிலும், அக்கோபுரத்தை எழுப்பிய கட்டடக்கலைஞனின் மர்மம் 1989இன் 'பாட்லேபர்' படத்திலும் வேறு வடிவெடுத்துப் புகுந்தன.

புரியவில்லை என்று ஒருவரை நீக்கிவிட்டு அந்த நாற்காலியில் யாரை அமர்த்தினார்கள் என்பதில்தான் இவ்வரலாற்றின் நகைச்சுவை உள்ளது. ஷிகெட்சுகு யோஷிதாவுடன் சேர்ந்து படத்தை இயக்க வந்த செய்ஜுன் சுசுகி, நிக்கட்சு நிறுவனத்துக்காக 1967இல் எடுத்த 'கொலைக்குக் குறிக்கப்பட்டவன்' புரியவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரிலேயே மறு ஆண்டு அந்நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். வழக்குத் தொடுத்து, 1971இல் சமரசம் கண்டு, ஆனாலும் பத்தாண்டுகள் திரைப்படம் எடுக்க முடியாமல் ஒதுக்கி வைக்கப்பட்டவர். திரைக்கதையை எழுதிய இருவருள் ஒருவரான அட்சுஷி யமதோயா அந்தப் பழைய படத்தின் எழுத்துக் குழுவில் இருந்தவர். தயாரிப்பாளர்கள் கண்மூடித்தனமாக இவர்களை அழைத்தார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. யமதோயா முதல் தொடரிலேயே பகுதிகள் எழுதியிருந்தார். சுசுகி இரண்டாம் தொடரில் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தார். இருவரும் வீட்டு மனிதர்களே. அக்காலத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் தொலைக்காட்சித் தொடரும், யூசோ அயோக்கியின் கூரிய, வளைந்து நெளியும் பாத்திர வடிவங்களால், மங்காவின் கிறுக்கலான உயிர்ப்பை நோக்கித் திரும்பியிருந்தது. மியாசாக்கியின் கனிவான லூபனை விடுத்து, பழைய லூபனின் கிறுக்குத்தனத்தை மீட்கும் எண்ணம் அந்தக் கூடத்தில் இருந்தது என்பது படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. பாபிலோனின் தங்கம் எங்கோ மறைந்திருக்கிறது. லூபனும் மாஃபியா கும்பலும் அதைத் தேடுகிறார்கள். குடித்துப் பாடித் திரியும் ரொசெட்டா என்ற கிழவி லூபனை ஒட்டிக்கொள்கிறாள். பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் காவலர் குழு ஒன்று செனிகதாவின் தலையில் கட்டப்படுகிறது. தொடக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் துரத்தல் இன்றும் கண்ணை நிறைக்கும். ஈர்ப்பு விசையை ஒரு பொருட்டாக மதிக்காமல் நகரத்தையே விளையாட்டுத் திடலாக்கும் அக்காட்சியில் அயோக்கியின் வடிவங்கள் ரப்பராக நீளுகின்றன. ஆனால் சுசுகி நடிகர்களை வைத்து எடுத்த படங்களில் வரும் திடீர் வெட்டுகளும் அர்த்தமற்ற வண்ண மாற்றங்களும் உறுத்தலால் வேலை செய்தன. மெய்யான உடலும் மெய்யான அறையும் திரையில் இருந்ததால் விதி மீறப்படும்போது பார்ப்பவர் திடுக்கிட்டார். எல்லாமே வரையப்பட்ட உலகில் விதியென்று ஒன்று முதலில் நிறுவப்படாவிட்டால், மீறலுக்கு அதிர்ச்சி இல்லை. இந்தப் படம் விதியை நிறுவ நேரம் ஒதுக்குவதில்லை.

படத்தின் மையக் குறை அதைவிடவும் அடிப்படையானது. பாபிலோனின் தங்கத்துக்கு உடைமையாளர் இல்லை. மன்னர்கள் மண்ணாகி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆன பின், அதைப் பூட்டி வைத்திருப்பவனும் இல்லை, இழந்து புலம்பப் போகிறவனும் இல்லை. எனவே லூபன் இப்படத்தில் திருடனாகச் செயல்படவே இல்லை. புதையல் வேட்டைக்காரனாகிக் குறிப்பிலிருந்து குறிப்புக்கு அலைகிறான். ஏய்க்க ஆள் இல்லாதபோது திட்டத்துக்கு வேலை இல்லை. திட்டம் இல்லாதபோது ஜிகெனின் குறியும் கொயெமோனின் வாளும் அலங்காரமாகின்றன. செனிகதாவோ தம் குழுவோடு வேறொரு கேலிக்கூத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். கடைசியில் கிழவி வேற்றுக்கிரகத்தவள் என்று தெரியவரும்போது தங்கத்துக்கு ஓர் உரிமைக்காரி கிடைக்கிறாள். கதை முடியப்போகும் நேரத்தில் வந்த அந்த உரிமை யாருக்கும் பயன்படவில்லை. வேற்றுக்கிரகம் என்ற கற்பனை அளவுமீறியது என்பதால் படம் தோற்றது எனக் கூறுவோர், பத்தாயிரம் ஆண்டு வாழ்ந்த மாமோவை ஏற்றுக்கொண்டதை மறந்துவிடுகிறார்கள். மாமோவிடம் லூபன் இழக்கக்கூடிய ஒன்று, தான் தான்தானா என்ற உறுதி, சிக்கியிருந்தது. பாபிலோனில் அவன் இழப்பதற்கு எதுவும் இல்லை. ஒஷீயின் கைவிடப்பட்ட கதையிலும் திருட எதுவும் மிஞ்சவில்லை என்ற நிலை இருந்தது என்றாலும், அங்கே அந்த வெறுமையே கதைப்பொருள். இங்கே அது கவனக்குறைவு.

அடுத்து வந்தவற்றோடு ஒப்பிட்டால் இக்குறையின் தன்மை மேலும் துலங்கும். 1987இன் ஃபூமா குலத்துப் படத்தில் செலவைக் குறைக்க வழக்கமான குரல் நடிகர்கள் எல்லாரையும் மாற்றினார்கள்; ரசிகர்கள் கொதித்தபோதும், உள்ளூர் ஜப்பானில் ஒரு குடும்பப் பானையைக் காக்கும் அந்தச் சிறிய கதை களவின் இலக்கணத்துக்கு உண்மையாக இருந்தது. 1989 ஏப்ரல் முதல், ஒசாமு தெசாக்கி தொடங்கிவைத்த தொலைக்காட்சிச் சிறப்புப் படங்கள் ஏறத்தாழ ஆண்டுக்கொன்றாக வந்தன. அவற்றுள் பலவற்றின் பலவீனம் களைப்பால் விளைந்தது: பண்டைய புதையல், இரகசியக் கும்பல், லூபனிடம் மனம் பறிகொடுக்கும் இளம்பெண் என்ற வார்ப்பு ஆண்டுதோறும் நிரப்பப்பட்டது. பார்த்து முடித்த மறுநாளே அவை ஒன்றோடொன்று குழம்பிவிடும். பாபிலோன் படம் அப்படிக் குழம்பாது. அது வழி தவறியது பழகிய பாதையில் நடக்க மறுத்ததால். ஆகவே களவுப் படம் என்ற வகையில் முதல் மூன்றில் கடையது எனவும், அசைவூட்ட ஓவியம் என்ற வகையில் பின்னாளின் சிறப்புப் படங்களுள் பெரும்பாலானவற்றுக்கு மேலானது எனவும் அதற்கு இரு வேறு இடங்கள் தருவதே முறை.

இப்படத்துக்குப் பின் பழைய குரல் நடிகர்களோடு திரையரங்குக்கு ஒரு லூபன் படம் வரப் பத்தாண்டுகள் ஆயின. 1995 ஏப்ரலில் அது வந்தபோது, முதல் தொடரிலிருந்தே லூபனுக்குக் குரல் கொடுத்த யசுவோ யமதா மார்ச் 19 அன்று காலமாகியிருந்தார். கன்இச்சி குரிதா அவரிடத்தில் பேசினார். யமதாவின் குரலில் திரையரங்குக்கு வந்த லூபன் படங்கள் மூன்று. அவற்றுள் கடைசி, 'பாபிலோன் தங்கத்தின் புராணம்'.