தோல்வியை ஒப்புக்கொண்டால் தேர்தல் முடிந்துவிடுமா?



தேர்தல் இரவில் தொலைக்காட்சி முன் கூடி உட்கார்ந்திருப்போம். தோற்ற வேட்பாளர் வந்து, “மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொன்னதும், “சரி, முடிஞ்சு போச்சு, எல்லாரும் போய்ப் படுங்க” என்று விளக்கை அணைத்துவிடுவோம். உண்மையிலேயே முடிந்துவிட்டதா? “நான் தோற்றேன்” என்று ஒருவர் சொல்வதுதான் தேர்தல் முடிவா? இதற்குச் சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். “இன்னிக்கு எனக்குப் பால் கம்மிதான்” என்று ஓர் அம்மா வாளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் கிராணி நிறுத்துப் புத்தகத்தில் எழுதுவதுதான் கணக்கு. அந்த அம்மா வாயால் சொன்னதற்காகச் சம்பளம் குறையாது. தேர்தலும் அப்படித்தான்.

தோற்றவர் வென்றவரை வாழ்த்தும் வழக்கத்திற்கு அமெரிக்காவில் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1896-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், வென்ற வில்லியம் மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். நல்ல பண்புதான். ஆனால் பண்பு வேறு, சட்டம் வேறு. இந்த வேறுபாடு 2000-ஆம் ஆண்டில் உலகத்துக்கே தெரிந்தது.

அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் தேதி துணை அதிபர் அல் கோரும் ஜார்ஜ் புஷ்ஷும் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். புளோரிடா மாநிலத்தில் யார் வெல்கிறாரோ அவரே அதிபர் என்ற நிலைமை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல், புஷ் வென்றார் என்று தொலைக்காட்சி நிலையங்கள் அறிவித்தன. கோரும் அதை நம்பிப் புஷ்ஷைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்தினார். பிறகு நாஷ்வில் நகரில் மழையில் காத்திருந்த ஆதரவாளர்களிடம் தோல்வியை அறிவிக்கக் காரில் புறப்பட்டார். அதற்குள் புளோரிடாவில் வித்தியாசம் மளமளவென்று குறைந்துகொண்டு வந்தது. உதவியாளர்கள் ஓடிப்போய்த் தடுத்தார்கள். கோர் மேடை ஏறவில்லை. மறுபடியும் புஷ்ஷைக் கூப்பிட்டு, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இப்படிச் செய்யலாமா? செய்யலாம். அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குச் சட்டத்தில் எந்த இடமும் கிடையாது. வித்தியாசம் அரை விழுக்காட்டிற்குள் இருந்தால் மறுபடியும் எண்ண வேண்டும் என்பது புளோரிடாவின் சட்டம். ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகளில் முதலில் 1,784 வாக்குகளே வித்தியாசம். நவம்பர் 26-ஆம் தேதி மாநிலம் முத்திரையிட்டு அறிவித்தபோது அது 537. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. டிசம்பர் 12-ஆம் தேதி மறு எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்று நாட்டு மக்களிடம் பேசினார்.

அதோடும் முடியவில்லை. டிசம்பர் 18-ஆம் தேதி தேர்வாளர் குழு வாக்களித்தது. 2001 ஜனவரி 6-ஆம் தேதி அந்த வாக்குகளைக் காங்கிரஸ் சபை எண்ணியது. புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266. அந்தக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? துணை அதிபர் என்ற முறையில் அதே அல் கோர்தான்! தமக்குச் சாதகமாகச் சில உறுப்பினர்கள் எழுப்பிய ஆட்சேபங்களைக்கூட விதிப்படி செல்லாது என்று தள்ளிவிட்டு, தம் தோல்வியைத் தாமே வாசித்தார்.

இனி ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா என்ற சின்ன நாட்டிற்கு வருவோம். அங்கே 2016 டிசம்பர் 1-ஆம் தேதி தேர்தல். மாணவர்களே, கேளுங்கள்: அங்கு வாக்குச் சீட்டு இல்லை. வேட்பாளரின் நிறம் பூசிய டின்னுக்குள் கோலிக் குண்டு போட வேண்டும். உள்ளே மணி அடிக்கும். 1994 முதல் ஆண்டுவந்த யஹ்யா ஜாமே தோற்றார். அடாமா பாரோ வென்றார். மறுநாளே ஜாமே தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்தும் சொன்னார். உலகமே பாராட்டியது. ஆனால் டிசம்பர் 9-ஆம் தேதி, “முடிவை ஏற்க மாட்டேன்” என்று புரண்டார்.

அவர் புரண்டதால் எண்ணிய கோலிக் குண்டுகள் மாறிவிடுமா? மாறவில்லை. பாரோ 2017 ஜனவரி 19-ஆம் தேதி அண்டை நாடான செனகலில், காம்பியத் தூதரகத்தில் பதவிப் பிரமாணம் எடுத்தார். பக்கத்து நாடுகளின் படைகள் எல்லை தாண்டின. ஜனவரி 21-ஆம் தேதி ஜாமே நாட்டைவிட்டுப் போனார்.

ஆக, ஒப்புக்கொள்வதால் முடிவு பிறப்பதில்லை; மறுப்பதால் முடிவு சாவதுமில்லை. எண்ணிக்கையும் சட்டப்படியான அறிவிப்புமே முடிவு. அப்படியானால் ஒப்புக்கொள்வது வீணா? இல்லை. ஒரு தலைவரின் நல்ல சொல் ஆயிரம் பேரின் கோபத்தை அடக்கி, நாட்டை அமைதியாக வைக்கும். மனம் மாறிய ஒருவரால் ஒரு நாடு பட்ட பாட்டைக் காம்பியாவில் பார்த்தோம்.

பெற்றோர்களே, கடைசியாக ஒரு வார்த்தை. “நம்ம புள்ளைக்கு எங்க படிப்பு வரப்போவுது” என்று மூன்றாம் வகுப்பிலேயே நம்மில் சிலர் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இன்னும் எண்ணவே தொடங்கவில்லையே! பிள்ளையின் கணக்கை முழுக்க எண்ணிப் பார்க்க விடுங்கள். எண்ணி முடிந்தபின் வெற்றியோ தோல்வியோ, கோரைப் போல நேர்மையாக வாசிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.