பித்தநாளக் கல்லின் குறிகள்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலில் சேர்க்கும் பொதுப் பித்தநாளத்தைக் கல் அடைத்திருப்பதை, உடலுக்குள் பார்க்கும் கருவிகள் இல்லாத காலத்து மருத்துவர்கள் வெளியே தோன்றும் குறிகளைக் கொண்டே ஊகித்தனர். அந்த ஊகம் சரிதானா என்பதைப் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையே காட்டியது. நரம்பியலின் முன்னோடியாக அறியப்படும் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ, 1877இல் வெளிவந்த தம் விரிவுரைகளில், மேல்வயிற்றின் வலப்பக்க வலி, நடுக்கத்தோடு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவற்றை விவரித்தார். இவையே பின்னர் அவர் பெயரால் முக்குறி எனப்பட்டன. தேங்கிய பித்தம் இரத்தத்தில் கலப்பதால் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுக்கிறது; அது குடலை எட்டாததால் மலம் வெளிறுகிறது. தேங்கிய நீரில் பெருகும் கிருமிகள் இரத்தத்தில் புகுவதால் காய்ச்சல் எழுகிறது.

மலேரியாவோ என மயங்கவைக்கும் இக்காய்ச்சலை 1890களில் ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், விரிந்த நாளத்தில் மிதக்கும் கல் பந்து வால்வைப் போல வழியை அடைத்தும் விடுத்தும் நிற்பதால் காமாலை ஏறி இறங்குகிறது என விளக்கினார்; புற்றுநோயால் நாளம் அடைபடும்போதோ காமாலை பெரும்பாலும் இடைவிடாது முற்றிக்கொண்டே போகும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் மற்றொரு குறியை பாசெல் நகர அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890இல் வெளியிட்டார். நாளம் அடைபட்ட 187 நேர்வுகளைத் தொகுத்து நோக்கிய அவர், கல்லால் அடைபட்டவர்களிடம் பித்தப்பை பெரும்பாலும் சுருங்கியிருப்பதையும், பிற காரணங்களால் அடைபட்டவர்களிடம் விரிந்திருப்பதையும் கண்டார். பலமுறை அழன்று தடித்த பையின் சுவர் விரிய இயலாது என்பதே இதற்கு அக்காலத்தில் கூறப்பட்ட காரணம். கல்லடைப்பிலும் சில பைகள் விரிந்திருந்ததை அவரே பதிவுசெய்திருக்க, பின்வந்த பாடநூல்கள் அவர் கண்ட பொதுப்போக்கை விதியென்று இறுக்கிவிட்டன. வெறும் நிகழ்விகிதத்துக்கு இது மிகையான மதிப்பே.

1959இல் ரேனால்ட்ஸ், டார்கன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் முக்குறியோடு அதிர்ச்சிநிலையையும் மனக்குழப்பத்தையும் சேர்த்து, இவை கண்டால் நாளத்தின் அழுத்தத்தை உடனே தணிக்க வேண்டும் என வலியுறுத்தினர். ஆனால், நாளத்தில் தொற்று இருந்தும் சார்க்கோவின் மூன்று குறிகளும் ஒருங்கே தோன்றாத நோயாளிகள் பலர் என்பது பின்னர் தெளிவானதால், 2007இல் வெளியான டோக்கியோ வழிகாட்டுதல்கள் இரத்தப் பரிசோதனையையும் படப் பரிசோதனையையும் அளவுகோல்களாகச் சேர்த்தன. அவற்றின் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மூன்றில் ஒன்றான வயிற்றுவலி அப்பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.