லினக்ஸும் 386 செயலியும்

இன்டெல் நிறுவனம் 1985 அக்டோபரில் வெளியிட்ட 80386 என்னும் செயலியின்மீது பிறந்து, 2012 டிசம்பரில் அச்செயலிக்கான ஆதரவையே நீக்கிவிட்ட லினக்ஸ் இயங்குதளத்தின் சரித்திரம், பழைய வன்பொருளை மென்பொருள் எதுவரை சுமக்கும் என்னும் கேள்விக்குத் தக்கதொரு திருஷ்டாந்தமாகும்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இன் தொடக்கத்தில் 386 கணினி ஒன்றை வாங்கி, பல பணிகளை மாறிமாறி நடத்தவும் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காக்கவும் அதில் அமைந்திருந்த வசதிகளை ஆராயும் பொருட்டுத் தொடங்கிய முயற்சியே, அவ்வாண்டு செப்டம்பரில் 0.01 என்னும் முதற் பதிப்பாக உருப்பெற்றது. அச்செயலியின் விசேஷ வசதிகளையே முற்றும் நம்பி எழுதப்பட்டமையால், வேறு செயலிகளில் அது இயங்குவது துர்லபம் என்றே அதன் கர்த்தா ஆரம்பத்தில் கருதினார். ஆயினும் சில ஆண்டுகளில் அது பிற செயலிகளுக்கும் பரவியது.

1989இல் வந்த 486 செயலியோ 386இல் இல்லாத இரண்டு ஆற்றல்களைப் பெற்றிருந்தது. நினைவகத்திலுள்ள மதிப்பை ஒப்பிட்டு, ஒத்திருந்தால் மாற்றும் காரியத்தை ஒரே கட்டளையில் முடிப்பது ஒன்று. எழுதலாகாது எனக் குறித்த பக்கத்தில் இயங்குதளத்தின் கருவாகிய கர்னலே எழுத முற்படினும் தடுத்து நிறுத்துவது மற்றொன்று. இவ்விரண்டையும் 386க்காக மட்டும் மென்பொருளால் ஈடுசெய்ய வேண்டியிருந்தமையால், பல செயலிகள் சேர்ந்தியங்கும் கணினிகளுக்கென நிரலைத் திருத்துந்தோறும், அநேகமாக எவரும் பயன்படுத்தாத ஒரு செயலியின் பொருட்டுத் தனிச் சிரமம் நேர்ந்தது. 386 ஆதரவை நீக்கும் மாற்றத்தை அனுப்பிய கர்னல் வல்லுநர் இங்கோ மோல்நார், டோர்வால்ட்ஸின் ஆதிக் கணினியில் இனிப் புதிய கர்னல் இயங்காது என்பதையும் சுட்டிக்காட்டினார். டோர்வால்ட்ஸ் தயக்கமின்றி அதனை ஏற்றார்.

எனினும் ஆதரவு புரி புரியாகவே அறுந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு 2005இல் வெளியிட்ட தன் 3.1 பதிப்பிலேயே 386ஐக் கைவிட்டிருந்தது. இன்டெல் 2007இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. மோல்நார் அனுப்பிய மாற்றத்தைத் தாங்கி 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8 அதனை முற்றும் விலக்கியது. அதற்குப் பின்னரும், 386ஐ ஆதரித்த, நீண்டகாலப் பராமரிப்புக்குரிய 3.2 பதிப்பு 2018 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்றுவந்தது. அவ்வாண்டோடு திருத்தங்கள் நின்றன. பழுதில்லாத 386 கணினியில் அப்பழைய பதிப்போ இன்றும் இயங்கும்.